பிறர் சமயத்தைப் படிப்பது பாவமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். பக்தி இலக்கியத்துக்குத் தனித்தாள் உண்டு. நான் திருவாசகம் படிப்பதைப் பார்த்த எங்கள் சபை வாலிபர் கூட்டத் தலைவர், "அந்நிய தேவர்களைக் குறித்து விசாரிக்கவே கூடாது என்று உபாகமம் 12:30 சொல்கிறது. தேர்வு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை வீட்டிலிருந்து அகற்றிவிடு" என்றார். அம்மாவும் பயப்படுகிறார்கள். எனக்கோ அந்தப் பாடல்கள் பிடித்திருக்கின்றன. நான் செய்வது தவறா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தவறில்லை மகளே. அந்த வசனத்தை முழுவதும் வாசித்துப் பார். 'அவர்கள் தங்கள் தேவர்களைச் சேவித்தபடி நானும் சேவிப்பேன்' என்ற எண்ணத்தோடு விசாரிக்காதே என்பதுதான் அங்கே உள்ள எச்சரிக்கை. பாதி வசனத்தை வெட்டியெடுத்து ஒரு பிள்ளையைப் பயமுறுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது. தானியேலை நினைத்துக்கொள். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கும்படி அவனை உட்காரவைத்தார்கள். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று மறுத்தவன், பாடம் வேண்டாம் என்று மறுக்கவில்லை. பவுலும் அப்படித்தான். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு அவருடைய ஆவி கொதித்தது. ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. சுற்றித் திரிந்து, அவர்களுடைய ஆராதனைக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்தார். அவர்களுடைய புலவர்களின் வரியையே மேற்கோள் காட்டித்தான் மார்ஸ் மேடையில் பேசினார் (அப்போஸ்தலர் 17).

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பத்துக் கட்டளைகளில் ஒன்று. 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.' நீதிமன்றக் கூண்டில் ஏறினால்தான் சாட்சி என்பதில்லை. அயலார் என்ன நம்புகிறார்கள் என்று நாம் பிரசங்க பீடத்திலிருந்து சொல்வதும் சாட்சிதான். தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தானே?

நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்தபோது எங்கள் பள்ளிக்குப் பக்கத்து மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பிரசங்கியார், "இந்துக்களுக்கு மனிதனும் கடவுள், கல்லும் கடவுள், எல்லாமே கடவுள்" என்று முழங்கினார். மறுநாள் ஆசிரியர் அறையில் என் சக ஆசிரியர், நெற்றி நிறையத் திருநீறு பூசும் சைவர், விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "டீச்சர், நேற்று உங்கள் ஆட்கள் மறுத்தது எங்கள் சமயத்தையே அல்ல. உயிரும் இறைவனும் ஒன்று என்று நாங்கள் சொல்வதில்லை." ஒரு தாளை எடுத்துப் பதி, பசு, பாசம் என்று மூன்று சொற்களை எழுதினார். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் தளை. மூன்றும் வேறு வேறு. உயிர் ஒருநாளும் தானே இறைவனாகிவிடாது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. 'நானே பிரம்மம்' என்னும் அத்வைதத்தோடு சித்தாந்திகள் நூற்றாண்டுக் கணக்காக வாதிட்டு வந்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு மைதானம் நிறைய மக்களுக்கு முன்னால் பேசினால், கேட்கும் சைவருக்கு நம்மைப் பற்றி என்ன தோன்றும்? 'நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூட மனமில்லாதவர்கள்' என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு சுவிசேஷத்தை யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்?

நம் முன்னோடிகள் இப்படியிருக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் தங்கள் கையாலேயே எழுதித் தந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. உங்கள் நம்பிக்கை என்னவென்று உங்களிடமே கேட்கிறேன் என்ற அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த பெரிய நூலுக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஹாலேயில் இருந்த மிஷன் பொறுப்பாளர்கள் கோபப்பட்டார்கள். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. உன்னிடம் பேசிய தலைவரின் பயம் முந்நூறு ஆண்டுப் பழமையானது, பார்த்துக்கொள்.

உன் பாடநூலின் கதையும் உன் ஊர்ப்பக்கத்தோடு தொடர்புடையது. சாயர்புரத்தில் 1840களில் ஊழியம் செய்த ஜி.யு. போப் ஐயர்தான் 1900இல், தம் எண்பதாவது வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு முன்பே திருக்குறளையும் நாலடியாரையும் மொழிபெயர்த்திருந்தார். கடைசிவரை அவர் ஆங்கிலிக்கன் குருவானவராகவே இருந்தார். மாணிக்கவாசகரின் உருக்கத்தில் மனம் கரைந்ததால் அவருடைய விசுவாசம் கரைந்துவிடவில்லை.

பாடல்கள் பிடித்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். பிடிக்கட்டும். தன்னை ஒன்றுமில்லாதவன் என்று சொல்லி, அருளுக்காக அழும் ஒரு மனிதரின் குரல் அது. சங்கீதங்களை வாசித்து வளர்ந்த பிள்ளைக்கு அது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. இயேசுவே ஆண்டவர் என்று நம்புகிறவள் நான். அந்தப் பிரிவை மழுப்பச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உன் வேதாகமத்தையும் இதே கவனத்தோடு படி. சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் திடப்படுத்தல் வகுப்போடு வேதத்தை மூடிவைத்துவிட்டவர்கள்தான் பிற சமய நூல்களைத் தொட்டதும் தடுமாறுகிறார்கள். உன் அம்மாவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டு.

கேள்வி: என் மகனின் நெருங்கிய நண்பன் இஸ்லாமியப் பிள்ளை. "ஈசா நபியும் இயேசுவும் ஒருவரா?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரே நபரைப் பற்றித்தான் இரு சமயங்களும் பேசுகின்றன; அவர் யார் என்பதில்தான் வேறுபடுகின்றன. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். ஈசா கன்னியிடம் பிறந்தார் என்று அவர்கள் நம்புகிறார்கள். தேவகுமாரன் என்பதையும் சிலுவையில் மரித்தார் என்பதையும் ஏற்பதில்லை. இஸ்லாமியர் முகமது நபியை வணங்குகிறார்கள் என்று நம்மவர் பலர் சொல்வது முற்றிலும் தவறு என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் வணங்குவது அல்லாஹ் ஒருவனை மட்டுமே.

கேள்வி: பிற சமயங்களைப் பற்றி எங்கள் வேதபாட வகுப்பில் பேச விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்?
– சபைச் செயலர், மதுரை

பதில்: பிற சமயங்களைத் தாக்கி நம்மவர் எழுதிய துண்டுப் பிரசுரங்களில் தொடங்காதீர்கள். அந்தந்தச் சமயத்தின் மூலநூலையும், அந்தச் சமயத்தவரே எழுதிய உரையையும் வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர் ஒருவரை அழைத்து வழிநடத்தச் சொல்லலாம். ஒரு சமயத்தைப் படித்து முடித்ததும், அதைப் பின்பற்றும் ஒருவரை வகுப்புக்கு வரவழைத்து, நீங்கள் புரிந்துகொண்டதை அவர் முன்னால் சொல்லிக் காட்டுங்கள். அவர் திருத்துவதை எழுதிக்கொண்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள்.