சர்கேஜுக்கு இரண்டு வழிகள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் துணி வாங்கிக்கொடுக்கும் தொழில் செய்கிறேன். சென்ற மாதம் முதன்முறையாக அகமதாபாத் சென்றேன். பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் மட்டுமே பழகிய தரகர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எனக்காக ஒதுக்கியிருந்தார். நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன்: சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு, சீதி சையத் மசூதி, காலிகோ துணி அருங்காட்சியகம், சர்கேஜ் ரோஜா என்னும் சமாதி வளாகம்.

நடந்தது வேறு. காலையில் ஃபாஃப்டா என்னும் கடலைமாவுப் பலகாரமும் ஜிலேபியும் வாங்க ஒரு கடை வாசலில் நெடுநேரம் வரிசையில் நின்றோம். பிறகு பழைய நகரத்தில் அவர் பிறந்து வளர்ந்த போளுக்குப் போனோம்; குறுகிய சந்தும் நெருங்கிய வீடுகளுமாக இருக்கும் குடியிருப்பை அங்கே போள் என்கிறார்கள். அங்கே அவருடைய பெரியம்மா தேநீர் கொடுத்துப் பேச ஆரம்பித்தவர் விடவே இல்லை. மதியம் பால்டி என்ற பகுதியில் அவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் நண்பர் தூங்கிவிட்டார். மாலையில் சர்கேஜ் ரோஜாவுக்கு மட்டும் கிளம்பினோம். கைபேசி வரைபடம் ஜுஹாபுரா வழியாக நேர்ச்சாலை காட்டியது. அவரோ எஸ்.ஜி. நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். இந்த வழி நன்றாக இருக்கும் என்று சிரித்தார். போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

உள்ளூர் நண்பரை நம்பி ஊர் பார்ப்பது வீண்தானா? வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதே மேலா? அடுத்த முறை ஒரே நாளில் பார்க்க வேண்டிய இடங்களை நீங்களே வரிசைப்படுத்தித் தர முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். அடாலஜ் கிணறு 1499இல் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு போனாலும் அங்கேயேதான் இருக்கும். சீதி சையத் மசூதியின் கல் பலகணி சாலையோரத்தில் இருக்கிறது, கால்மணி நேரம் போதும். ஆசிரமத்துக்கு ஒரு காலைப் பொழுது வேண்டும். ஆனால் துணியால் பிழைக்கும் ஒருவர் காலிகோ அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்யாமல் அகமதாபாத் போனார் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முன்பதிவு இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பட்டோலாப் பட்டும் கலம்காரியும் இந்தியத் துணியின் இருபது தலைமுறைக் கைகளும் அங்கே தொங்குகின்றன. கஜம் இவ்வளவு என்று விலை பேசுகிறவருக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பழியை நண்பர்மேல் போடாதீர்கள். அது முழுக்க உங்களுடையது.

அவர் மதியம் தூங்கியதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆறு நாள் அலைகிற தரகர் ஏழாம் நாள் தூங்குவார். விருந்தாளி முன்னால் தயங்காமல் தூங்குகிறார் என்றால் உங்களை வீட்டு மனிதராக நினைத்துவிட்டார் என்று பொருள். அந்தப் பெரியம்மா பேச ஆரம்பித்தவர் விடவில்லை என்கிறீர்கள். அவர் என்ன பேசினார்? ஒரு வார்த்தை கூட எழுதவில்லையே! அந்த வீட்டு முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேமிக்கும் டாங்கா இருக்கிறதா என்று கேட்டீர்களா? பழைய போள் வீடுகள் பலவற்றில் உண்டு. கூரையில் விழும் நீர் குழாய் வழியாக இறங்கி நிலத்தடித் தொட்டியில் சேரும். நொய்யலின் கரையில் லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊர்க்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

போகட்டும். இத்தனைக்கும் நான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற ஒன்று. நண்பர் நேர்ச்சாலையை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார் என்றீர்களே, அது. கொஞ்ச காலமாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் போகாத சாலைகள். அதனால் உங்கள் கடிதம் வந்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

நீங்கள் சிரிப்பைப் பார்த்தீர்கள், நேரம் வீணானதைப் பார்த்தீர்கள். அந்தச் சாலை எது என்று பார்க்கவில்லை. ஜுஹாபுரா 1973ஆம் ஆண்டு வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகத் தொடங்கிய குடியிருப்பிலிருந்து வளர்ந்தது. பின்னர் ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் நகரின் மற்ற பகுதிகளில் இருக்க முடியாமல் போன முஸ்லிம்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அகமதாபாத்தில் ஆண்டுகளைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்: 1969, 1985, 2002. இன்று நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் குடியிருப்புகளில் ஒன்று அது. அதற்கும் பக்கத்திலிருக்கும் இந்துக் குடியிருப்புகளுக்கும் இடையிலான இடத்தை ஊர்க்காரர்கள் பார்டர் என்றே சொல்கிறார்கள். இதற்கெல்லாம் மேல், கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் வீட்டை விற்க வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்கிற 1991ஆம் ஆண்டுச் சட்டமும் குஜராத்தில் இருக்கிறது. அச்சத்தில் கைமாறும் வீடுகளைக் காக்க வந்த சட்டம் என்பார்கள். நடைமுறையில் ஓர் இந்து ஒரு முஸ்லிமுக்கு வீடு விற்பது அரிதாகிவிட்டது. யார் எங்கே குடியிருக்கலாம் என்பது இப்படி உறைந்து போன நகரத்தில் யார் எந்தச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவார் என்பதும் உறைந்துதான் இருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் போன இடம் எது? சர்கேஜில் அடங்கியிருப்பவர் சூஃபி ஞானி ஷேக் அகமது கட்டு. 1411இல் அகமது ஷா அந்த நகரத்துக்கு அடிக்கல் இட்டபோது அகமது என்ற பெயருடைய நான்கு பேர் சேர்ந்து இட்டார்கள் என்பது மரபுக் கதை. நால்வரில் ஒருவர் சுல்தான், இன்னொருவர் இந்த ஷேக். ஊருக்கு அடிக்கல் இட்டவரின் சமாதிக்கு அந்த ஊரில் பிறந்தவர் சுற்றுவழியாகப் போகிறார். இதை எந்த வழிகாட்டி உங்களுக்குக் காட்டியிருப்பார்?

வழிகாட்டி மேலா என்று கேட்டீர்களே. 1997 முதல் அங்கே ஒரு மரபு நடை நடக்கிறது. காலை எட்டு மணிக்குக் காலுப்பூர் சுவாமிநாராயணன் கோயிலில் தொடங்கி, போள்களின் வழியாக நுழைந்து நுழைந்து ஜாமி மசூதியில் முடியும். நல்ல நடை, நானும் போயிருக்கிறேன். செதுக்கிய மர முகப்புகள், பறவைகளுக்குத் தானியம் போடும் சபூத்ரோக்கள், ஒரு போளிலிருந்து இன்னொரு போளுக்குத் தப்பிச் செல்லும் ரகசிய வழிகள் எல்லாம் வரும். கோயிலில் தொடங்கி மசூதியில் முடிகிறபோது வழிகாட்டி ஓரிடத்திலும் தயங்குவதில்லை. தயங்காமல் இருக்கத்தான் அவருக்குச் சம்பளம். உங்கள் நண்பருக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதனால் தயங்குகிறார்.

அவரை மதவெறியர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே தீர்ப்பு எழுதும் வாசகர்கள் எனக்கு நிறைய உண்டு, நீங்களும் அவர்களோடு சேர வேண்டாம். ஜுஹாபுராவில் உங்களுக்கு ஒரு நண்பர் இருந்திருந்தால் அவரும் வேறு சில தெருக்களைச் சுற்றிக்கொண்டுதான் போயிருப்பார்.

எனக்கும் அந்த ஊரில் ஒரு நண்பர் இருந்தார். ஆலை ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து, ஆலை மூடிய பிறகு கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைத்தவர். கோட்டைச் சுவருக்கு உள்ளே, ராய்ப்பூர் தர்வாஜா பக்கம் வீடு. நான் போயிருந்தபோது தன் போளை எனக்கு மணிக்கணக்கில் காட்டினார். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வம்சக் கதை. அடுத்த நாள் காலை, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஜமால்பூரின் பூச்சந்தைக்குப் போகலாம் என்றேன். நடந்தே போகக்கூடிய தூரம். வந்தார். பாதி வழியில், ஒரு தேநீர்க் கடையில், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். முழங்கால் வலி என்றார். முந்தின நாள் பூராவும் படிகளில் ஏறி இறங்கிய முழங்கால்!

தனியாகப் போய்ச் சாமந்திக் குவியல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி சந்தையைப் பற்றியதாக இல்லை. ஒரு திருப்பத்தைச் சொல்லி, அங்கே கடிகாரம் பழுதுபார்க்கும் கடை இன்னும் இருக்கிறதா என்றார். இருந்தது. அந்தக் கடைக்காரரின் அண்ணனும் இவரும் ஒரே ஆலை. இவர் அலுவலகத்தில், அவர் தறிக் கூடத்தில். சம்பள நாளில் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். ஆலை மூடியது. அதற்குப் பிறகு சந்திக்க ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது என்றார். சண்டையில்லை, பகையில்லை. இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது.

அகமதாபாத்தின் முதல் நூற்பாலை 1861இல் ஓடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஊரில் பல சாதியும் இரண்டு மதமும் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே வாசலில் நுழைந்தன. 1980களிலிருந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கூலி போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். வாசல் போனதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதற்காக ஆலையைச் சமத்துவபுரமாக வர்ணிக்கவும் நான் தயாரில்லை. தலித்துகளைத் தறிக் கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், நூற்புப் பிரிவோடு சரி. தறியில் குறுக்கே ஓடி ஊடைநூலை இழுக்கும் நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டியிருந்த காலம். அவர்கள் வாய் பட்ட நாடாவை மற்றவர்கள் தொட மாட்டார்கள். ஒரே வாசல் வழியாக உள்ளே போன பிறகும் சுற்றுவழிகள் இருந்தன.

அந்த ஜமால்பூரில்தான் 1946 ஜூலை 1ஆம் தேதி, ரத யாத்திரைக் கலவரத்தில், வசந்த்ராவ் ஹெகிஷ்டே, ரஜப் அலி லக்கானி என்ற இரண்டு இளைஞர்கள் கும்பலைத் தடுக்கப் போய்ச் சேர்ந்தே கொல்லப்பட்டார்கள். என் நண்பர் இந்தக் கதையைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடி எனக்குச் சொன்னார். அவர்களைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது. ஆனாலும் எழுந்து வரவில்லை. இரண்டும் அவருக்குள் இருந்தன. அவரை நான் குறை சொல்லவில்லை. இன்று அவர் உயிரோடு இல்லை. இருந்தால் இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டிருப்பேன்.

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். அந்தத் தரகர் நாளைக்கே திருப்பூர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே அழைத்துப் போவீர்கள்? அவிநாசி கோயில். நேரம் இருந்தால் ஊட்டி. ஒரத்துப்பாளையம் அணைக்கு அழைத்துப் போவீர்களா? பாசனத்துக்காகக் கட்டி, சாயக் கழிவு தேங்கி, உழவர்களே திறக்காதே என்று போராடிய அணை. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உங்கள் தொழில் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக முறை வைத்துத் தூங்கும் லைன் வீடுகளுக்குள் எப்போதாவது நுழைந்திருக்கிறீர்களா? கொங்கு நாட்டில் எத்தனை ஊரில் தேர் எல்லாத் தெருவுக்குள்ளும் போகிறது? சொந்த ஊரில் நீங்கள் எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று உங்களை யாராவது கேட்டால், நீங்களும் சிரித்துவிட்டு இந்த வழி நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வீர்கள். கோபப்படாதீர்கள். நானும் என் ஊரில் அப்படித்தான் சொல்வேன்.

ஆகவே அடுத்த முறையும் அவரோடே போங்கள். தம்பி மாதிரி போங்கள், வாடிக்கையாளர் மாதிரி வேண்டாம். பெரியம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். திருப்பூர் பனியன் வேண்டாம், அது அங்கேயே கிடைக்கும். அவரிடம் அந்தச் சாலையைப் பற்றி உடனே குடைந்து கேட்காதீர்கள். பழகப் பழக அவரே சொல்வார், சொல்லாமலும் இருக்கலாம். நீங்கள் மட்டும் ஒரு நாள் பால்டியிலிருந்து ஆட்டோவில் ஏறி, நேர்ச்சாலையில் சர்கேஜ் போய் வாருங்கள். பகலில் போங்கள். பெரிய ஏரி போன்ற குளத்தைச் சுற்றிப் படிக்கட்டுகளும் தூண் மண்டபங்களும், முன்சுவரில்லாமல் காற்றும் வெளிச்சமும் நேராக நுழையும் தொழுகைக் கூடமும், அந்த ஷேக்கின் சமாதியும், சுல்தான் மஹ்மூத் பேகடாவின் சமாதியும் இருட்டில் பார்க்க வேண்டியவை இல்லை.

மணிநகருக்கும் போய் வாருங்கள். ஆலை வேலைக்காகப் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அந்தப் பக்கம் வாழ்கின்றன. அங்கிருந்த தமிழ்வழிப் பள்ளி 2020இல் மாணவர் குறைவு என்று மூடப்பட்டது. செலவைத் தாங்கள் ஏற்பதாகத் தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பட்டியலில் அது ஏன் இல்லை என்று நான் கேட்கப்போவதில்லை, நிறையத் திட்டிவிட்டேன்.

காலிகோவுக்கு முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். புதன்கிழமை விடுமுறை.

அன்புடன்.