வாகன நிறுத்த அபராதத்தில் விவரம் தவறாக இருக்கிறது; 500 ரூபாய்தானே என்று கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். குறைந்தபட்சம், அவர்கள் எடுத்த படத்தைப் பார்க்கும் வரையாவது கட்டாதீர்கள்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரன். போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நிறுத்தத் தடை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்திய குற்றத்துக்கு 500 ரூபாய். இடம், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறோர் ஊரின் கடைவீதி. ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்குப் பெண் கொடுத்த வீடு அங்கேதான் இருக்கிறது. குறிப்பிட்ட அந்த நாளில் என் ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் காற்று இல்லாமல் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நின்றிருந்தது.

முதலில் போலிச் செய்தி என்றுதான் நினைத்தேன். அபராதம் என்ற பெயரில் இணைப்பை அனுப்பி, செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துப் போடும் கும்பல்கள் இருக்கின்றன. அதனால் செய்தியில் வந்த இணைப்பைத் தொடவே கூடாது. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் (இணையவழி அபராதச் சீட்டு) தளத்துக்கு நாமே தனியாகப் போய், வண்டி எண்ணையும், ஆர்சி என்னும் பதிவுச் சான்றில் இருக்கும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன். உண்மையான சலான்தான்.

அதோடு படமும் இருந்தது. ஒரு துணிக்கடை வாசல், மேலே ஆடித் தள்ளுபடி பேனர், கீழே நடைபாதையில் பாதி ஏறி நிற்கும் வெள்ளைக் கார். பெரிதாக்கிப் பார்த்தால் முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது வரைக்கும் தெரிகிறது. நம்பர் பலகையில் டிஎன் 29. அது தர்மபுரி வண்டி. என்னுடையது டிஎன் 24, கிருஷ்ணகிரி. அதற்குப் பிறகு வரும் எழுத்தும் நான்கு இலக்கமும் அச்சு அசலாக ஒன்றே. 9 அழுத்த வேண்டிய இடத்தில் யாரோ 4 அழுத்திவிட்டார்கள். எண்ணைப் போட்டதும் உரிமையாளர் பெயரும் வண்டி வகையும் பதிவேட்டிலிருந்து தானாக வந்து விழுந்துவிடும். ஆகவே சலானில் 'இருசக்கர வாகனம்' என்று இருக்கிறது, படத்தில் கார் நிற்கிறது. இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

"ஐநூறு ரூபாய்க்கு அலையாதீர்கள் மாப்பிள்ளை, கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்" என்றார் மாமா. நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். ஆனால் பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1,500 வரை. யாரோ செய்த முதல் தவறை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டால், நாளைக்கு நானே எங்காவது ஐந்து நிமிடம் தவறாக நிறுத்தும்போது அது இரண்டாவது தவறாகிவிடும் அல்லவா? கட்டியபின் திரும்பப் பெறுவதும் கட்டாமல் எதிர்ப்பதைவிடப் பல மடங்கு சிரமம். சும்மா விட்டாலும் ஆபத்துதான். வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும்போது அந்த நிலுவை குறுக்கே வந்து நிற்கும்.

ஒரு பக்க மனு எழுதினேன். சலான் எண், தேதி, பதிவான எண், படத்தில் உள்ள எண், என் வண்டி எது, ரத்து செய்ய வேண்டுகிறேன், அவ்வளவுதான். கோபத்தையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான் முதலில் எழுதிய மூன்று பக்க மனுவை மனைவி கிழித்துப் போட்டது நல்லதாகப் போயிற்று. ஆர்சி நகல், சலான் நகல், வண்ணத்தில் அச்சிட்ட படம் மூன்றையும் இணைத்து, சலான் போட்ட காவல் பிரிவுக்கே ஸ்கூட்டரில் போனேன். எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சின்னத் தொகைதானே சார்" என்றார். உதவி ஆய்வாளர் படத்தை வாங்கிப் பார்த்தார், ஜன்னல் வழியாக என் ஸ்கூட்டரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சிரிப்போடு விடாமல், மனுவின் இரண்டாவது பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் போனபோது "எந்த மனு?" என்று கேட்டார்கள். முத்திரை வைத்த பிரதியை நீட்டினேன். அடுத்த வாரம் தளத்தில் என் வண்டிக்கு நிலுவை எதுவும் இல்லை.

மனுவுக்குப் பலன் இல்லை என்றால் நீதிமன்றம் இருக்கிறது. இணையவழி நீதிமன்றத்துக்குப் போன சலானில் அபராதம் கட்டுவதா, வழக்கை எதிர்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கலாம். எதிர்ப்பதாகச் சொன்னால் அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

இனி உங்கள் விஷயம். உங்கள் பெயரில் ஓர் எழுத்து பிழை, தெருப் பெயரும் மாறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? அது நிற்பது நிறுத்தத் தடைப் பலகையின் கீழா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், பெயரில் உள்ள எழுத்துப் பிழை உங்களைக் காப்பாற்றாது, கட்டிவிடுங்கள். தெரு மாறியது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சலான் சொல்லும் தெருவில் தடை இருந்து, நீங்கள் நிறுத்திய தெருவில் தடையே இல்லை என்றால் அது எதிர்க்கத் தகுந்த பிழை. அந்த இடத்தைப் பலகை இல்லாத நிலையில் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பலகைகள் திடீரென முளைப்பதுண்டு. இன்னொன்று, உங்களிடம் இருப்பது நகராட்சிக் குத்தகைதாரர் கிழித்துக் கொடுத்த ரசீது என்றால் அது நிறுத்தக் கட்டணம்தான், அபராதமே அல்ல. அந்தப் புகாரை நகராட்சி ஆணையரிடம் கொடுக்க வேண்டும்.

என் செலவைக் கேட்டால், இரண்டு முறை பெட்ரோல், நகல்கள், தேநீர் எல்லாம் சேர்த்து 500ஐத் தொடவில்லை. போன இரண்டு நாள் விடுப்பையும் அதில் சேர்க்க வேண்டும் என்று மாமா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.