ஸ்கார்பரோவில் கவுன்சிலிங் பயிற்சி: என்ன கற்றுக்கொள்வீர்கள்?

கவுன்சிலிங் முதுகலை படிக்க கோவையிலிருந்து டொராண்டோ வந்திருக்கிறீர்கள். செப்டம்பரில் பயிற்சி தொடங்க வேண்டும், ஸ்கார்பரோவில் இரண்டு இடங்கள் கைவசம் இருக்கின்றன. "வகுப்பில் படித்ததற்கு மேல் அங்கே என்ன கற்றுக்கொள்வேன் அக்கா, எந்த இடத்தை எடுப்பது?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கற்றுக்கொள்வது, யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதுதான். நம் மக்கள் நடுவே இது கூடுதல் சிரமம். 17 வயதுப் பையன் வந்து பேசிவிட்டுப் போவான். மறுநாள் அவன் அம்மா போன் செய்வார்: "என்னம்மா சொல்றான்? பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?" டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சிகிச்சைக்குச் சம்மதிக்க வயது வரம்பு கிடையாது. விஷயம் புரிந்து முடிவெடுக்க முடிகிறதென்றால் சம்மதம் அவனுடையது. அவன் அனுமதிக்காவிட்டால், அவன் உங்களிடம் வருகிறான் என்பதைக்கூடச் சொல்ல முடியாது. அந்த அம்மாவின் பயமும் நிஜம்தான். அவர் மனம் நோகாமல் இதைச் சொல்வதற்கு எந்தப் பாடப்புத்தகமும் உதவாது, பேசிப் பேசித்தான் வரும்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. 16 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால், குழந்தைகள் நல அமைப்புக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். உங்கள் பயிற்சியை மேற்பார்வையிடும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டால் கடமை தீராது. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு நகர்ந்துவிடாதீர்கள். "கடையிலோ கோயிலிலோ பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கம் ரோட்டில் காய்கறி வாங்கும்போது கட்டாயம் எதிர்ப்படுவீர்கள்.

சரி, எந்த இடம்? பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் இருக்காது, அதனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சூப்பர்விஷன் தரப்போவது யார், வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். இங்கே சைக்கோதெரபிஸ்டாக முழுப் பதிவு பெற 450 மணி நேரம் கிளையண்டுகளுடனும் 100 மணி நேரம் சூப்பர்விஷனிலும் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை அந்த 100 மணி நேரம்தான் ஆளை உருவாக்குகிறது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைப் பற்றி வாயெடுக்கும்போது, தாங்க முடியாமல் நீங்கள் தூக்கம், சாப்பாடு என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள். "ஏன் அந்த இடத்தில் மாற்றினீர்கள்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கும் சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாரோ அங்கே சேருங்கள்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.