கருவாட்டுப் பார்சலும் காது இரைச்சலும்

பெரியபட்டினத்துத் தம்பிக்கு,

ஷார்ஜாவுக்கு வந்து மூன்று மாதத்தில் இரண்டு தடவை தலை சுற்றி வாந்தி எடுத்திருக்கிறாய், வலது காது அடைத்து ஙொய்யென்று இரைகிறது. வெயிலால்தானா காக்கா, கம்பெனியில் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். நான் துபாயில் 17 வருடம். இப்போது லீவில் கீழக்கரையில் இருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தபோது, நின்ற தரை நங்கூரம் அறுந்த வள்ளம் மாதிரி போனது. சுவரைப் பிடித்தேன், சுவரும் சேர்ந்து சுற்றியது. தள்ளாடியதைப் பார்த்த போர்மேன் குடித்திருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். உம்மா போனில் பித்தம் என்றார். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார். அந்த உப்பைத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி சுற்றினால் அது வேறு. காதுக்குள் இருக்கிற துகள் இடம் மாறியிருக்கும், டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பியே சரிசெய்துவிடுவார். காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது, கூடவே 20 நிமிடத்திலிருந்து பல மணி நேரம் சுற்றல் என்றால் மெனியர் நோயாக இருக்கலாம். 1861-ல் புரோஸ்பர் மெனியர் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் இந்தச் சுற்றல் மூளையில் இல்லை, உள்காதில் என்று சொன்னவர். அங்குள்ள திரவம் அளவு மீறிச் சேர்கிறது. ஏன் என்பது இன்னும் பிடிபடவில்லை. காது டாக்டரிடம் போய்ச் செவித்திறன் சோதனை எடு. ஆனால் பேச்சு குழறினால், கைகால் இழுத்தால், காட்சி இரண்டாகத் தெரிந்தால் காது என்று நினைத்து உட்காராதே, நேராக எமர்ஜென்சிக்குப் போ.

வாலிநோக்கம் உப்பளத்துக் காற்றில் வளர்ந்தவனிடம் உப்பைக் குறை என்றால் சிரிப்புதான் வரும். நானும் சிரித்தேன். ஆனால் எண்ணிப் பார்: உம்மா அனுப்பும் நெத்திலிக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், ராத்திரி பாக்கெட் நூடுல்ஸ். உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்வதே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஒரு கருவாட்டுக் குழம்பு எவ்வளவு தின்றுவிடும் பார். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதும் போகாது. ஆனால் நீ வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவன், ஒரேயடியாக நிறுத்தாதே. எவ்வளவு என்று டாக்டரிடமே கேள்.

எனக்குச் சுற்றலுக்கு பீட்டாஹிஸ்டின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். வாந்திக்கான மாத்திரையைச் சுற்றல் அன்று மட்டும் போடு. நாள்கணக்கில் போட்டால் மூளை சமாளித்துப் பழகுவது தள்ளிப்போகும். சுற்றல் வந்தால் உடனே உட்கார், அசையாத ஒன்றையே பார். எனக்கு முன்னே ஏசிப் பெட்டியின் ஒற்றை ஆணி இருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக் கிடந்தேன்.

கம்பெனியில் சொல். அனுப்பிவிடுவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சாரத்தின் மேல் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும்? டாக்டர் சீட்டுடன் தரைவேலை கேள். எனக்கு ஸ்டோரில் கொடுத்தார்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தது.

இந்த மாதக் கடைசியில் திரும்புகிறேன். உன் வீட்டில் தொதல் இனிப்பு கொடுத்துவிட்டால் கொண்டுவருகிறேன். கருவாடு வாங்க மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவை.