வீட்டிலிருந்தே ரஷ்ய மொழி: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

கல்லூரி வகுப்பு எதிலும் சேராமல் ரஷ்யன் கற்றவன், இப்போது தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கேள்வி அனுப்பிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மற்றவை வந்தபடியே இருக்கின்றன.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, எங்கே தொடங்குவது? எழுத்தைப் பார்த்தாலே மிரட்சியாக இருக்கிறது.

மொத்தமே 33 எழுத்து, தம்பி. உயிரும் மெய்யுமாக 247 படித்து வந்த நமக்கு இது ஒரு வார வேலை. முற்றிலும் புதிதாகத் தெரியும் எழுத்துகள் தொல்லை தருவதில்லை. ஆங்கில எழுத்தின் வேஷத்தில் வருபவைதான் ஏமாற்றும். எச் போல இருப்பது 'ன்', சி போல இருப்பது 'ஸ்', எக்ஸ் போல இருப்பது 'ஹ்'. இவற்றைத் தனியாக எழுதி எழுதிப் பழகுங்கள்.

எழுத்து முடிந்த அன்றே தமிழிலோ ஆங்கிலத்திலோ ரஷ்யச் சொற்களை எழுதுவதை நிறுத்திவிடுங்கள். நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டுவது உங்களுக்குப் புரியட்டும் என்பதற்காக மட்டும். நோட்டில் அப்படி எழுதினால் ஆறு மாதம் கழித்தும் எழுத்துக் கூட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

பள்ளத்தூர், தமிழாசிரியை: ஆறு வேற்றுமை, சொல்லின் கடைசி எல்லாம் மாறும், உலகத்திலேயே கடினமான இலக்கணம் என்று பயமுறுத்துகிறார்களே?

அம்மா, பயமுறுத்துகிறவர்கள் ஆங்கிலம் வழியாக ரஷ்யனுக்குப் போனவர்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபு அநேகமாக இல்லை. அதனால் அவர்களுக்கு மலைப்பு. நீங்கள் எட்டு வேற்றுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். ரஷ்யனில் எழுவாய், ஐ, ஆல், கு, அது, கண் ஆகிய ஆறுக்கும் ஏறக்குறைய இணை இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமையின் 'இருந்து' வேலையை முன்னிடைச் சொல் சேர்த்து ஆறாம் வேற்றுமையே பார்த்துக்கொள்ளும். விளி வேற்றுமை பெயருக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. நாம் 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு இருபது வயது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதையெல்லாம் ரஷ்யர்களும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார்கள்: ம்ன்யே ந்ராவித்ஸா, ம்ன்யே ஹோலத்னா. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதிலும் நம் போக்குதான். 'இது வீடு' என்றால் எத்தா தோம், நடுவில் வினையே கிடையாது, நம்மைப் போலவே. ஆங்கிலத்தின் ஏ, தி எதுவும் இல்லை. நீ, நீங்கள் வேறுபாடு உண்டு.

இன்னொன்று உங்களுக்கு ரசிக்கும். பள்ளி இலக்கணத்தில் ஆல், ஓடு இரண்டையும் ஏன் மூன்றாம் வேற்றுமையில் சேர்த்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள் இல்லையா? ரஷ்யனிலும் 'பேனாவால் எழுதினேன்', 'நண்பனோடு வந்தேன்' இரண்டுக்கும் ஒரே வேற்றுமை. இரண்டாவதற்கு முன்னால் ஒரு சின்ன 'ஸ்' சேரும். அதேபோல 'நேற்று வீடு பார்த்தேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம், 'நேற்றுத் தம்பி பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. ரஷ்ய ஆண்பால் சொற்களிலும் உயிரற்றது இரண்டாம் வேற்றுமையில் மாறாமல் நிற்கும், உயிருள்ளது மாறும். ஆடு மாடு அங்கே உயிருள்ளவர் பட்டியலில் சேர்ந்துவிடும், அது மட்டும் நம் திணைக் கணக்கோடு ஒத்துப்போகாது.

அதனால் ஒரு அட்டவணை போடும்போது பக்கத்தில் ஆங்கில விளக்கம் எழுதாதீர்கள், தமிழ் உருபை எழுதுங்கள். என்னைக் கேட்டால் நம் ஊரில் ரஷ்யன் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் யோசித்துத்தான் விட்டார்கள்.

கோட்டையூர், வங்கி ஊழியர்: தமிழ் உதவாத இடம் எது? அதையும் சொல்லிவிடுங்கள்.

நியாயமான கேள்வி. முதலில் பால். மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. நல்லவேளையாக முதல் வேற்றுமையில் சொல்லின் கடைசி ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மெய்யில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண், 'ஓ'வில் முடிந்தால் பொது. தமிழில் 'நல்ல' எங்கேயும் 'நல்ல'தான். ரஷ்யனில் அந்த 'நல்ல'வும் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப உடை மாற்றிக்கொண்டே இருக்கும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அடுத்து வினை. ஒவ்வொரு வினையும் ஏறக்குறைய ஜோடியாக வரும். சித்தாத் என்றால் படிப்பது, ப்ரசித்தாத் என்றால் படித்துமுடிப்பது. 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' வேறுபாடு உங்கள் காதில் இருப்பதால் வாசல் வரைக்கும் தமிழ் கொண்டுபோய் விடும். உள்ளே போனால் விதிவிலக்குகள் காத்திருக்கும். முடிந்த செயலைச் சொல்லும் வினைக்கு நிகழ்காலமே இல்லை, அந்த வடிவம் எதிர்காலமாகிவிடும். எந்த வினையைப் படித்தாலும் ஜோடியாகவே எழுதிவையுங்கள்.

பிறகு 'போ'. நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு. இப்போது ஒரு திசையில் போவது வேறு, வழக்கமாகப் போய்வருவது வேறு. நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகிறதே, அதற்கு 'இத்தீ'. பஸ் ஏறிப் போய்க் காவடியைப் பழனியில் பார்க்கிறவர்களுக்கு 'யேஹத்'. மாற்றிச் சொன்னால் புண்ணியக் கணக்கே மாறிவிடும்.

காரைக்குடி, மருத்துவம் படிக்க ரஷ்யா போகவிருக்கும் மாணவி: பாடம் ஆங்கிலத்தில்தானே, ரஷ்யன் எவ்வளவு தேவை?

பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம், நோயாளி ஆங்கிலத்தில் இருமமாட்டார். மருத்துவமனை வகுப்புகள் தொடங்கும்போது எதிரே இருப்பவர் வயதானவராக, பல் இல்லாதவராக, வேகமாகப் பேசுபவராக இருப்பார். விமானம் ஏறும் முன்பே எழுத்து, எண்கள், உடல் உறுப்புகள், கேள்விச் சொற்கள் கையில் இருக்கவேண்டும். 'எங்கே வலிக்கிறது', க்த்யே பலீத். 'மூச்சு விடுங்கள்', திஷீத்யே. 'மூச்சை அடக்குங்கள்' என்பதற்கு அதன் முன்னால் 'நி'.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழில் ப எழுத்து ஒன்றுதான், அதை எங்கே எப்படி ஒலிப்பது என்று இடம் சொல்லும். ரஷ்யனில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து, பொருளையே மாற்றும். தமிழில் 'போச்கா' என்று எழுதினால் சிறுநீரகமும் அதுதான், பீப்பாயும் அதுதான். அழுத்திச் சொல்லும் ப என்றால் சிறுநீரகம், கம்பத்தின் ப என்றால் பீப்பாய். த, க, ச வரிசைகளிலும் இதே கதை. இந்த ஜோடிகளை வைத்துத் தினமும் பத்து நிமிடம் சத்தமாகச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்து ரஷ்யர் குரலோடு ஒப்பிடுங்கள்.

நமக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. உலகம் முழுக்க மாணவர்கள் திணறும் ஒரு ரஷ்ய உயிரெழுத்து இருக்கிறது, இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் நிற்பது. 'காது', 'வீடு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் அதற்கு மிகப் பக்கம். அங்கிருந்து நாக்கைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் போதும். அப்புறம், ஆங்கிலத்தில் இசட் எச் போட்டு எழுதும் ரஷ்ய ஒலியை ழ என்று வாசித்துவிடாதீர்கள். அது ஷ-வை அதிர்வோடு சொல்வது.

அழுத்தமும் முக்கியம். அழுத்தம் விழாத 'ஓ' அகரமாகிவிடும். நாம் மாஸ்கோ என்கிற ஊர் அவர்களுக்கு 'மஸ்க்வா', அழுத்தம் கடைசியில். அகராதியில் அழுத்தக் குறி இல்லாமல் எந்தச் சொல்லையும் படிக்காதீர்கள். இடம் மாறினால் 'எழுதுவது' என்ற சொல் 'சிறுநீர் கழிப்பது' ஆகிவிடும், வகுப்பே சிரிக்கும்.

கண்டனூர், ஓய்வு பெற்றவர்: எத்தனை நாளில் வரும்? என் வயதுக்கு வருமா?

ஐயா, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு நடத்தும் மொழிப் பயிற்சியில் ரஷ்யனுக்கு 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேலை அளவுக்குத் தேறுவதற்கான கணக்கு. தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்று வருஷம்.

மூன்று வருஷம் நம் பக்கத்துக்குப் புதிதா? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன காலத்தில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் எடுபிடியாக, ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்பும்போது பர்மியம் பேசிக்கொண்டு வந்தார்கள். எந்த வாத்தியாரும் கிடையாது, கடை வாசலில் நின்ற ஆட்களிடம் கற்றது. நமக்கு வாசலில் ரஷ்யர் நிற்கவில்லை, அதனால் காதுக்கு நாமே தீனி போடவேண்டும். பல்லவன் ரயிலில் சென்னை போகும்போது தூங்காமல் கேளுங்கள். மோஸ்ஃபில்ம் ஸ்டூடியோ தன் பழைய படங்களை யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரே படத்தை மூன்று தடவை பாருங்கள், மூன்று படத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட நல்லது. வயது ஒரு தடை இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிப்பதுதான் தடை.

காரைக்குடி, சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வு மாணவர்: பேச வேண்டாம். பழைய ரஷ்ய மின்வேதியியல் கட்டுரைகளைப் படித்தால் போதும்.

அப்படியென்றால் பாதி பாரம் குறைந்தது. முதலில் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1965-இல் தொடங்கிய 'எலெக்த்ரோஹீமியா' இதழுக்கு ஆங்கிலப் பதிப்பு உண்டு, அதற்காக ரஷ்யன் படிக்கவேண்டாம். அதற்கு முந்தியவை, ஆய்வேடுகள், கோஸ்த் எனப்படும் அரசுத் தரநிர்ணயங்கள், இவற்றுக்குத்தான் தேவை. மின்வேதியியலாளர் ஃப்ரும்கின் பெயரில் மாஸ்கோவில் ஒரு ஆய்வு நிலையமே இருக்கும் துறை இது, படிக்க நிறைய இருக்கிறது.

கடோத், அனோத், எலெக்த்ரோலித் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அறிவியல் ரஷ்யனில் ஆறாம் வேற்றுமை தொடர் தொடராக வரும், 'கரைசலின் வெப்பநிலையின் மாற்றத்தின் வேகம்' என்பது போல. அதையும் பெயரெச்சங்களையும் பிடித்துக்கொண்டால் அகராதியோடு படிக்கலாம். 'நான் சந்தைக்குப் போனேன்' பாடங்களைத் தாண்டிப் போங்கள், தப்பில்லை.

கானாடுகாத்தான், சுற்றுலா டாக்ஸி ஓட்டுபவர்: ரஷ்யக்காரர்கள் வருகிறார்கள் அண்ணே. வண்டியில் நாலு வார்த்தை பேச வேண்டும்.

நாலு வார்த்தைக்கு இலக்கணப் புத்தகம் வாங்காதீர்கள், தம்பி. வீடு 'தோம்', ஆத்தங்குடிக் கல் 'ப்லீத்கா', பர்மாத் தேக்கு 'தீக் இஸ் பீர்மி', காரம் இல்லை 'நி ஓஸ்த்ரயே'. கடைசியைச் சாப்பாட்டுக் கடையில் கட்டாயம் சொல்லத் தெரியவேண்டும். வணக்கத்துக்கு 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே', நாக்குச் சுளுக்கும், ஆனால் அதைச் சரியாகச் சொன்னால் முகம் மலர்ந்துவிடுவார்கள்.

எண்ணில் மட்டும் கவனம். ஒன்றுக்கு 'ரூப்பியா', இரண்டு மூன்று நான்குக்கு 'ரூப்பிஇ', ஐந்திலிருந்து இருபது வரை 'ரூப்பிய்', இருபத்தொன்றுக்குத் திரும்பவும் 'ரூப்பியா'. தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். தொகையைப் போனில் காட்டிவிடுங்கள், சண்டை வராது.

ஆ. தெக்கூர், கல்லூரி மாணவி: ஐயா வீட்டில் ராதுகா, முன்னேற்றப் பதிப்பகம் என்று போட்ட பழைய தமிழ்ப் புத்தகங்கள் கிடக்கின்றன. பயன்படுமா?

பத்திரமாக வையுங்கள், யாருக்கும் இரவல் தராதீர்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து இங்கே மலிவு விலையில் விற்றவை. குழந்தைக் கதை ஒன்றை எடுத்து, ரஷ்ய மூலத்தை இணையத்தில் தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாகப் படியுங்கள். பெரிய நாவலில் தொடங்கவேண்டாம். சில தமிழாக்கங்கள் ஆங்கிலம் வழியாக வந்தவை, வரிக்கு வரி பொருந்தவில்லை என்றால் உங்கள் ரஷ்யன் மேல் சந்தேகப்படாதீர்கள்.

புதுவயல், தனியார் நிறுவன ஊழியர்: பாடம், வாத்தியார், பரீட்சை, வேலை, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தாருங்கள்.

மாஸ்கோவின் புஷ்கின் ரஷ்ய மொழி நிலையம் இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது, தொடக்க நிலையிலிருந்து மேலே வரை. அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். செயலிகள் எழுத்துப் பழகவும் சொல் பழகவும் சரி, வேற்றுமை அங்கே வராது. சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய மாளிகை இருக்கிறது, வகுப்பையும் உதவித்தொகையையும் அங்கே விசாரிக்கலாம்.

பேசிப் பழக வாரம் ஒரு மணி நேரமாவது மனிதர் வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதிலிருந்து அங்கிருக்கும் ஆசிரியருக்குப் பணம் அனுப்புவது தலைவலி. கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஆசிரியர்களைத் தேடுங்கள். அங்கே ரஷ்யன் அன்றாட மொழி.

பரீட்சை என்றால் வெளிநாட்டினருக்கான ரஷ்ய மொழித் தேர்வு. முதல் படிக்கு சுமார் 780 சொல், அடுத்ததற்கு 1,300, அதற்கும் அடுத்த 'முதல் சான்றிதழ் நிலை'க்கு 2,300. ரஷ்ய வழியில் இளங்கலை சேர அந்த மூன்றாவது படி வேண்டும். சொல்வளம், இலக்கணம் சேர்ந்து ஒரு தாள், பிறகு வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு.

வேலையைப் பொறுத்தவரை பட்டென்று சொல்கிறேன். ரஷ்யன் மட்டும் தெரிந்தால் சோறு கஷ்டம். பொறியியலோ கணக்கியலோ மருத்துவமோ தெரிந்து கூடவே ரஷ்யனும் தெரிந்தால் ஆள் கிடைக்காமல் தேடுவார்கள். கூடங்குளத்தில் ரஷ்ய உலைகளின் கட்டுமானம் இன்னும் நடக்கிறது. அந்த ஆவணங்கள் வெறும் இலக்கணம் தெரிந்தவரிடம் போவதில்லை.

தேவகோட்டை மாணவர், மறுபடியும்: கீபோர்டு, கையெழுத்து?

கம்ப்யூட்டரில் ரஷ்ய மொழியைச் சேர்க்கும்போது ஒலிப்பு முறை, ரஷ்யர்களின் முறை என்று இரண்டு தெரியும். வேலைக்கு என்றால் இரண்டாவது, சிரமப்பட்டாவது. கையெழுத்தைத் தனியாகக் கற்கவேண்டும். அச்சில் 'த்' ஒலிக்கான டி எழுத்து கையெழுத்தில் ஆங்கில எம் மாதிரி இருக்கும், 'ப்' ஆங்கில என் மாதிரி, 'இ' ஆங்கில யு மாதிரி. ஒரு நாலு கோடு நோட்டு வாங்குங்கள்.