தோடிக்கு மூன்றில் ஒரு வோல்ட் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

மின்னணு இசைக் கருவிகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் எனக்கும், மாட்யூல் என்னும் தனித்தனிச் சிறு கருவிகளைக் கேபிளால் கோத்து ஒலி எழுப்பும் மாடுலர் சிந்தசைசர் மேல் ஆசை பிடித்தது. மன்னார்குடியில் இருக்கிறேன், கூட்டுறவு வங்கியில் வேலை. இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து மாட்யூல்களைப் பொருத்த ஒரு யூரோராக் பெட்டி, ஒலியைப் பிறப்பிக்க இரண்டு ஆசிலேட்டர், நாதத்தை மாற்ற ஒரு ஃபில்டர், ஸ்வரங்களை வரிசையாக ஓட்ட 8 படி சீக்குவென்சர், எதிரொலிக்கு ஒரு மாட்யூல் என்று வாங்கிவிட்டேன். பெரும்பாலும் பழைய சாமான்தான். ஆனாலும் என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை.

ஆனால் இசை வரவில்லை. எட்டு ஸ்வரமும் சுற்றிச் சுற்றி வருகின்றன, பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. நிறுத்தலாம் என்றால் ஒலி நிற்பதே இல்லை, கேபிளைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஸ்வரங்களும் சுத்தமாக விழுவதில்லை. குவாண்டைசர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள், அதற்குப் பணமும் எடுத்துவைத்திருக்கிறேன். என் தாத்தா தவில் வாசித்தவர். அப்பா திண்ணையிலிருந்து கேட்டுவிட்டு, "நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை. குவாண்டைசர் வாங்கட்டுமா, எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

விற்காதீர்கள். குவாண்டைசரும் வாங்காதீர்கள்.

முதலில் குவாண்டைசர். சிந்தசைசர் செய்த அமெரிக்கர் ராபர்ட் மூக் 1960களில் வகுத்த வழக்கம்தான் இன்று உங்கள் பெட்டியிலும் இருக்கிறது: ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை ஒரு வோல்ட் என்றால், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 83 மில்லிவோல்ட். ஆனால் அந்த 83க்குள் படிக்கட்டு எதுவும் கிடையாது. மின்னழுத்தம் வீணைத் தந்தியைப் போல எங்கே வேண்டுமானாலும் நிற்கும், வழுக்கும், திரும்பும். குவாண்டைசர் அந்த வழுக்கலைப் பிடித்து அருகிலுள்ள படியில் உட்கார வைத்துவிடும். ஸ்வரம் சுத்தமாகும், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் செத்துப்போகும். தவில்காரர் வீட்டுப் பேரன் அதற்காகப் பணம் கொடுக்கக் கூடாது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு கோடையில் தோடி ராகத்தின் காந்தாரத்தை மட்டும் இந்தக் கருவியில் வரவழைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். தோடியில் காந்தாரம் தன் இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அந்த இரண்டுக்கும் நான்கு ஸ்வரஸ்தான தூரம், அதாவது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஆசிலேட்டரை ஷட்ஜத்தில் சுருதியாக நிறுத்தினேன். மிக மெதுவாக அலையும் இன்னொன்றின் வோல்டேஜை மூன்றில் ஒரு வோல்ட்டாகக் குறைத்து இரண்டாவது ஆசிலேட்டருக்குக் கொடுத்தேன். கணக்கு சரியாக இருந்தது. கேட்டால் ஆம்புலன்ஸ் போவதைப் போல இருந்தது.

எங்கள் தெருவில், எதிர் வீட்டில், நாகசுரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு நாள் தன் வாசலிலிருந்தே கேட்டார். மூன்றாம் நாள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, மேலே நிற்கிறது பார், அதுதான் தப்பு. மத்தியமத்தைத் தொட்டுவிட்டு உடனே வந்துவிட வேண்டும். கீழேதான் இருப்பு" என்றார். சொல்லிவிட்டு, தொடையில் விரலை வைத்து அந்த அசைவை ஒருமுறை வரைந்து காட்டினார். சட்டென்று ஏற்றம், இறங்கும்போது ஒரு தயக்கம், அடியில் கொஞ்சம் தங்கல். அடுத்த முறை அதே அசைவு சற்று வேகமாக, அதற்கடுத்தது மறுபடி மெதுவாக.

அவர் விரல் வரைந்தது ஒரு வோல்டேஜ் கோடுதான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிக் குமிழ் உள்ள மாட்யூல் ஒன்று என்னிடம் இருந்தது. ஏற்றத்தைக் குறுக்கி, இறக்கத்தை நீட்டினேன். வேகத்தை மட்டும் இயந்திரத்திடம் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். அன்று இரவு பதினொரு மணி வாக்கில் ஒரே ஒரு தடவை, நான்கைந்து நொடி, காந்தாரம் வந்தது. பெரியவர் தலையை ஆட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது போதும். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த செவி அது.

உங்கள் பெட்டியில் இல்லாதது எது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஒலி நிற்பதில்லை என்கிறீர்கள். நிற்காது, ஏனென்றால் ஒலியின் அளவை வோல்டேஜால் கூட்டிக் குறைக்கும் விசிஏ உங்களிடம் இல்லை. டெல்டாக்காரருக்கு இதை விளக்கப் பாடப்புத்தகம் வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து மதகு, மடை, வாய்க்கால் என்று இறங்கி உங்கள் வயலுக்கு வருகிறது. ஆசிலேட்டர் என்பது ஆறு, அது ஓடிக்கொண்டே இருக்கும். விசிஏ என்பது மதகு. எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரத்தில் மூடுவது என்று சொல்லும் என்வலப்தான் ஷட்டரைத் திருகும் லஸ்கர். இரண்டு ஆற்றை வாங்கிவிட்டு ஒரு மதகுகூட வைக்கவில்லை நீங்கள். வயல் மூழ்கத்தான் செய்யும்.

ஆகவே எடுத்துவைத்த பணத்தில் ஒரு விசிஏ, ஒரு என்வலப். மிச்சம் இருந்தால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் அட்டனுவேட்டர், சட்டென்று தாவாமல் சரிந்து போக வைக்கும் ஸ்லூ லிமிட்டர். கடைப் படங்களில் இவை யார் கண்ணிலும் படாது, விளக்கும் மினுக்காது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் பத்து வருடம் தாக்குப்பிடித்த யாரிடம் கேட்டாலும் முதலில் இவற்றைத்தான் சொல்வார்கள். ஸ்லூ லிமிட்டரைச் சீக்குவென்சருக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவில் செருகிப் பாருங்கள், உங்களைச் சலிக்க வைத்த அந்த எட்டு ஸ்வரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

எதையும் காசு கொடுத்து வாங்குமுன் கணினியில் விசிவி ராக் என்ற மென்பொருளில் கட்டிப் பாருங்கள். 2017இல் வந்தது, இலவசப் பதிப்பே போதும். நான் இப்போதும் ஒரு மாட்யூலை அதில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகே வாங்குகிறேன்.

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் இருக்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட நம் நாட்டவர்கள் அதில் இசையமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பிறகு கண்டெடுக்கப்பட்டு 2023இல் வெளியாயின. நீங்கள் வைத்திருக்கும் யூரோராக் வடிவம் டோப்ஃபர் என்பவர் ஜெர்மனியில் 1990களின் நடுவில் கொண்டுவந்தது. அது பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்தியாவில் கேபிள் செருகி இசை செய்திருக்கிறார்கள்.

அகமதாபாத் தூரம் என்று அப்பா சொன்னால், நரசிங்கம்பேட்டைக்கு அழைத்துப் போங்கள். அங்கே பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும்தான் நாதத்தைச் சரிசெய்கிறார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் என் ஃபில்டர் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இது மெழுகு" என்பதுதான். வீட்டு அலமாரியில் இருக்கும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் ஓர் ஆசிலேட்டர்தான். வீட்டில் அதற்கு இடம் கொடுத்த அப்பா இதற்கும் கொடுப்பார்.

ஸ்வரம் சுத்தமாக விழாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அனலாக் ஆசிலேட்டர் வெப்பத்துக்கு அசையும். மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சுருதி சேருங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாலையில் சேர்த்தது நள்ளிரவில் நிற்காது, மறுபடி சேர்க்க வேண்டும். மிருதங்கக்காரர் மேடையில் கல்லால் தட்டிச் சேர்ப்பதை நாம் குறையாகவா நினைக்கிறோம்? அடியில் விடாத உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு நஷ்டம் கற்றுக் கொடுத்தது. மாட்யூலுக்கு மின்சாரம் தரும் பின்பக்க ரிப்பன் கேபிளில் ஓரமாகச் சிவப்புக் கோடு இருக்கும். அது மைனஸ் 12 வோல்ட் பக்கம். அவசரத்தில் ஒருநாள் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஒரு நொடி கருகல் வாசனை, பிறகு அந்த மாட்யூல் பேசவே இல்லை. ஆறு மாதம் காத்திருந்து வாங்கியது.

புது மாட்யூல் வந்ததும் அவசரப்பட்டுத் திருகாணியை முடுக்காமல் கும்பகோணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அப்பாவையும் அழைத்து வாருங்கள். சிவப்புக் கோட்டை இருவரும் பார்த்து மாட்டுவோம். எதிர் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிவைக்கிறேன்.