பால் பல் இருக்கும்போதே கிளிப் போடணுமா?

கேள்வி: டாக்டர், எங்க பாப்பாவுக்கு ஏழரை வயசு. மேல முன்பல் ரெண்டும் விழுந்து புதுசு வந்திருக்கு, நடுவுல நல்ல இடைவெளி, கீழ்ப்பல்லும் கோணலா முளைக்குது. ஸ்கூல் கேம்ப்ல பார்த்தவங்க இப்பவே கிளிப் போடணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மாமியார் என்னடான்னா பால் பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாங்க. யார் பேச்சை கேக்குறது? இன்னொன்னு, அவ வாயை மூடும்போது தாடை லேசா வலது பக்கம் போற மாதிரி இருக்கு. – ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: போற போக்குல எழுதின அந்த கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன், நீங்க எழுதினதுலயே அவசரமா பார்க்க வேண்டியது அதுதான். பாப்பாவை ஜன்னல் வெளிச்சத்துல உட்கார வெச்சு வாயை நல்லா திறக்கச் சொல்லுங்க, அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா கடைவாய்ப்பல்லால கடிக்கச் சொல்லுங்க. மோவாய் நேரா வந்து பல்லு பட்டதும் சட்டுனு ஒரு பக்கம் நழுவுதான்னு பாருங்க. நழுவினா, மேல்தாடை குறுகலா இருந்து மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமா உட்காருதுன்னு அர்த்தமா இருக்கலாம். நேரா கடிச்சா பல்லு முனைக்கு முனை இடிக்கும், அதனால குழந்தை தன்னையறியாம ஒரு பக்கமா ஒதுக்கி கடிக்கப் பழகிடும். அப்படியே வருஷக்கணக்கா விட்டா தாடையும் அந்தப் பக்கமா கோணி வளர வாய்ப்பிருக்கு.

இதுக்கு பால் பல் விழுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மேலண்ணத்துக்கு நடுவுல ரெண்டு எலும்பு சேர்ற ஒரு கோடு இருக்கு, சின்ன வயசுல அது இன்னும் இறுகியிருக்காது. மேல்தாடையை விரிக்கிற எக்ஸ்பேண்டர்னு ஒரு கருவியை மாட்டி விடுவாங்க, அதுக்கு குட்டியா ஒரு சாவி, டாக்டர் சொன்ன கணக்குல நீங்களே வீட்டுல திருப்பணும், ஒரு திருப்புக்கு சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். விரிக்கிறது சில வாரம்தான், அது நிலைச்சு நிக்க சில மாசம் ஆகும். வயசுக்கு வந்து எலும்பு இறுகினப்புறம் இதே வேலை ரொம்ப கஷ்டம், பெரியவங்களானா ஆபரேஷன் வரைக்கும் கூட போகலாம். முன்பல் ஒண்ணு கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டிருந்தாலும் இப்படித்தான், சீக்கிரம் பார்க்கணும், இல்லேன்னா அந்த கீழ்ப்பல்லோட ஈறு இறங்கிடும்.

இப்ப அந்த இடைவெளி. 2 மில்லிமீட்டருக்குள்ளன்னா பெரும்பாலும் தானா மூடிக்கும், பயப்படாதீங்க. கோரைப்பல் 11, 12 வயசுலதான் இறங்கும், அதுவரைக்கும் எலும்புக்குள்ள இருந்து முன்பல் வேரை நெருக்கிக்கிட்டே இருக்கும், அதான் பல்லு விசிறி மாதிரி விரிஞ்சு நிக்குது. கீழ்ப்பல் லேசா கோணலா இருக்கறதும் இந்த வயசுல சகஜம். பால் கடைவாய்ப்பல்லை விட அதுக்கு அடியில இருந்து வர்ற பல் சின்னது, அது மாறும்போது கொஞ்சம் இடம் மிச்சமாகும்.

இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். அந்த மிச்ச இடம் வேணும்னா பால் கடைவாய்ப்பல் 10, 12 வயசு வரைக்கும் வாயில இருக்கணும். "விழப்போற பல்தானே டாக்டர், புடுங்கிடுங்க"ன்னு வாராவாரம் யாராவது வர்றாங்க, எனக்கு மனசே கேக்காது. கடைசி பால் கடைவாய்ப்பல்லை 6, 7 வயசுலயே எடுத்துட்டா அதுக்குப் பின்னாடி முளைச்ச நிரந்தரப் பல் முன்னாடி சரிஞ்சு இடத்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் வர வேண்டிய பல்லுக்கு வழியே இருக்காது. சொத்தையை அடைச்சு காப்பாத்துங்க, முடியலேன்னா எடுத்த கையோட, அந்த இடம் மூடிடாம பிடிச்சு வைக்கிற ஸ்பேஸ் மெயின்டெய்னர் போடணுமான்னு கேட்டுடுங்க.

அதனால உங்க மாமியார் சொல்றது இடைவெளிக்கு சரி, தாடைக்கு சரியில்ல. கேம்ப்ல சொன்ன மாதிரி பல்லு பூரா கிளிப் இப்ப தேவைப்படாது. ஆனா ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் வரிசையையும் தாடையையும் சீராக்குற டாக்டர் கிட்ட காட்டிடுங்க, 7 வயசுக்குள்ள ஒரு தடவை காட்டணும்னு அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கமே சொல்லுது, காட்டுறதுன்னா உடனே ட்ரீட்மென்ட்னு இல்ல. செலவு கவலைன்னா சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில இதுக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு. இப்ப தாடையை சரி பண்ணினாலும் 12 வயசுக்கு மேல கிளிப் தேவைப்படலாம், அதையும் இப்பவே மனசுல வெச்சுக்கோங்க.

கேள்வி: 8 வயசு பையனுக்கு மேல்பல் தூக்கலா இருக்கு, இப்பவே உள்ள தள்ளிடலாமா? – ஒரு அப்பா, தேனி

பதில்: இப்ப ஆரம்பிச்சாலும் 11, 12 வயசுல ஆரம்பிச்சாலும் கடைசியில கிடைக்கிற பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. ஒரே ஒரு வித்தியாசம், சீக்கிரம் பண்ணினா விழுந்து பல் உடையறது குறையுது. பையன் ஓடியாடி விழுறவனா, ரொம்ப தூக்கலா இருக்கா, பல்லை வெச்சு ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களா, அப்படின்னா இப்பவே யோசிக்கலாம். இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கிட்டே இருங்க. விரல் சூப்புற பழக்கம் இன்னும் இருக்கான்னு மட்டும் ராத்திரி தூங்கும்போது போய் பாருங்க, இருந்தா முதல்ல அதை அன்பா பேசி நிறுத்துங்க, அது நிக்காம பல்லை உள்ள தள்ளினா திரும்ப வெளிய வந்துடும்.